பாட்டி சொன்னது 'ஆகல' இல்லை, 'ஆகலி': எல்லா முதியோருக்கும் ஒரே சேவை ஏன் போதாது?

சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கும் தோழி ஒருத்தியின் பாட்டிக்கு 84 வயது. சொந்த ஊர் கோவில்பட்டி பக்கம். மறதிநோய் வந்து இரண்டு வருஷமாகிறது. வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஏஜென்சி மூலம் ஒரு பெண்ணை வைத்திருந்தார்கள். திருவாரூர் பக்கத்துப் பெண், நல்ல பொறுமைசாலி. ஒருநாள் ஆபீஸ் மீட்டிங் நடுவில் அவரிடமிருந்து தோழிக்கு போன்.

"அக்கா, பாட்டி ரொம்ப நேரமா 'ஆகல, ஆகல'ன்னே சொல்லிட்டு இருக்காங்க. என்ன பாட்டி ஆகலன்னு கேட்டா கோபப்படுறாங்க. இப்போ என் கையைத் தட்டிவிட்டுட்டாங்க. டாக்டர்கிட்ட கேட்டு தூங்குறதுக்கு ஏதாவது மாத்திரை குடுக்கலாமாக்கா?"

தோழிக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அவர்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. பாட்டி சொன்னது 'ஆகல' இல்லை, 'ஆகலி'. தெலுங்கில் அதற்குப் பசி என்று அர்த்தம்.

பாட்டிக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது மாத்திரை இல்லை, ரெண்டு இட்லி. இத்தனைக்கும் பாட்டிக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். கடைக்காரரிடம், பஸ் கண்டக்டரிடம், பக்கத்து வீட்டில் எல்லாம் எழுபது வருஷம் தமிழில்தான் பேசினார். நோய் முற்றியபோது அந்தத் தமிழ் முதலில் நழுவியது. அம்மாவிடம் கற்ற தெலுங்கு மட்டும் மிஞ்சியது.

இதில் யார் மேல் தப்பு? பார்த்துக்கொண்ட பெண் மேல் இல்லை. அவரிடம் யாரும் சொல்லவில்லை. ஏஜென்சி கொடுத்த படிவத்தில் வயது, எடை, சர்க்கரை, ரத்த அழுத்தம், என்னென்ன மாத்திரை என்று எல்லாம் கேட்டிருந்தார்கள். வீட்டில் என்ன மொழி பேசுவார்கள் என்று மட்டும் கேட்கவில்லை. தோழிக்கும் சொல்லத் தோன்றவில்லை.

'முதியோர்' என்பது ஒரு வயதுதான், ஒரே மாதிரியான மனிதர்களின் கூட்டம் இல்லை. இதை மறந்துவிட்டு நாம் கட்டுகிற எந்த முதியோர் சேவையும் பாதிப் பேருக்குத்தான் போய்ச் சேரும். இந்தக் கட்டுரையின் வாதம் அவ்வளவுதான்.

நம்ம ஊர்ல எல்லாரும் தமிழ்தானே?

முதலில் சில எண்களைப் பார்த்துவிடுவோம். தேசியப் புள்ளியியல் அலுவலகம் வெளியிட்ட 2021 அறிக்கையின்படி, தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 60 வயதைத் தாண்டியவர்கள் 13.6 சதவீதம். பெரிய மாநிலங்களில் கேரளாவுக்கு (16.5) அடுத்த இடம் நமக்குத்தான். 2031-ல் இது 18.2 சதவீதமாகும் என்பது அதே அறிக்கையின் கணிப்பு. அதாவது ஐந்தரைப் பேரில் ஒருவர் முதியவர்.

இன்னொரு எண். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் மாநிலத்தில் சுமார் 88 சதவீதம். மீதிப் பேரின் எண்ணிக்கை சுமார் 84 லட்சம். தெலுங்கு 42 லட்சம், கன்னடமும் உருதும் தலா 12 லட்சத்துக்கு மேல், மலையாளம் 7 லட்சம். சௌராஷ்டிர மொழி பேசுபவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல், நீலகிரியில் படுக மொழி பேசுபவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். இவர்களில் பெரும்பாலானவர்களுக்குத் தமிழும் தெரியும் என்பதால், நாம் இந்தக் கணக்கைப் பார்ப்பதே இல்லை. ஆனால் 'தமிழ் தெரியும்' என்பது 50 வயதில் உண்மையாக இருக்கும். 84 வயதில், காய்ச்சலில், பயத்தில், மறதியில் அது உண்மையாக இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை.

தமிழ் மட்டுமே பேசுகிற முதியவர்களும் ஒரே மாதிரி இல்லை. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து வந்து நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய தாத்தாவும் தமிழர்தான். 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வியாசர்பாடியில் வீடு கட்டிக்கொண்ட பாட்டியும் தமிழர்தான். தஞ்சாவூரில் ஒரே தெருவில் வாழ்ந்து முடித்தவரும் தமிழர்தான். மூன்று பேரும் 'பழைய ஞாபகம்' என்று சொல்வது மூன்று வேறு நாடுகளை. முதியோர் மையத்தில் ஞாபகத்தைத் தூண்டுவதற்காக மூவருக்கும் ஒரே பழைய சினிமாப் பாட்டைப் போட்டால், ஒருவர் மட்டும்தான் கூடச் சேர்ந்து பாடுவார்.

மறதியை அளக்கும் கேள்விகளே மறதியாக இருந்தால்?

இது வெறும் மனசு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. நோயைக் கண்டுபிடிப்பதிலேயே இது தலையிடுகிறது.

மறதிநோய் இருக்கிறதா என்று முதல்கட்டமாகப் பார்க்க உலகம் முழுக்கப் பயன்பட்ட பரிசோதனை 'எம்.எம்.எஸ்.இ'. 1975-ல் அமெரிக்காவில் உருவானது. 'நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வாருங்கள்', 'ஒரு வாக்கியம் எழுதுங்கள்', 'இப்போது என்ன பருவம்' என்றெல்லாம் கேட்கும். பள்ளிக்கூடம் போனவருக்குச் சரி. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதைத் தாண்டிய பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 28 சதவீதம்தான். எழுத்தே தெரியாத ஒரு பாட்டியிடம் வாக்கியம் எழுதச் சொல்லி, எழுதவில்லை என்று மதிப்பெண் குறைத்தால், நாம் அளப்பது மறதியை இல்லை, அந்தக் காலத்தில் பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பாத வீட்டை.

இதைப் புரிந்துகொண்ட ஆய்வாளர்கள் 1990-களில் ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களுக்காக இந்தப் பரிசோதனையை மாற்றி அமைத்தார்கள். கழிக்கிற கணக்கு இருபதிலிருந்து மூன்று மூன்றாக என்று எளிதானது. எழுதச் சொல்வதற்குப் பதிலாக வீட்டைப் பற்றி ஒரு வரி சொல்லச் சொன்னார்கள். கேள்வி எளிமையானதால் தரம் குறையவில்லை, சரியான ஆளிடம் சரியான கேள்வி கேட்கப்பட்டது. பண்பாட்டைக் கணக்கில் எடுத்துக்கொள்வது என்றால் நடைமுறையில் இதுதான்.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதிநோய் இருக்கலாம் என்று 2023-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அதாவது 7.4 சதவீதம். இவர்களில் எத்தனை பேர் நம் கோவில்பட்டிப் பாட்டி மாதிரி, புரியாத மொழியில் பசியைச் சொல்லி 'முரண்டு பிடிக்கிறார்' என்று பெயர் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்?

மொழி மட்டும்தானா பிரச்சினை?

இல்லை. சாப்பாடு, குளியல், பிரார்த்தனை, பெயர் என்று எல்லாவற்றிலும் இது உண்டு.

சாப்பாட்டையே எடுத்துக்கொள்வோம். பல முதியோர் இல்லங்கள் 'சுத்த சைவம்' என்பதை ஒரு தகுதியாக விளம்பரம் செய்கின்றன. தூத்துக்குடிக் கடற்கரையில் எண்பது வருஷம் மீன் குழம்பு சாப்பிட்ட ஒருவருக்கு அது தகுதி இல்லை, தண்டனை. தட்டில் பாதியை ஒதுக்கிவிடுவார். ரெக்கார்டில் 'பசியின்மை' என்று எழுதுவார்கள்.

குளியல் இன்னும் நுட்பமானது. வாழ்நாளில் கணவர் முன்னால்கூடத் தலைமுந்தானையை விலக்காத ஒரு பாட்டியை, இருபது வயதுப் பையன் வந்து குளிப்பாட்டத் தூக்கினால் அவர் கத்தத்தான் செய்வார். அது 'ஒத்துழைக்க மறுத்தல்' இல்லை.

பெயரை வைத்து ஊகிப்பதும் வேலைக்கு ஆகாது. முஸ்லிம் பாட்டி என்றதும் 'உருது தெரிந்த ஆளை அனுப்பு' என்பார்கள். ஆம்பூர், வாணியம்பாடியில் பல வீடுகளில் உருது பேசுவார்கள், அங்கே அது சரி. காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ பல தலைமுறைகளாக வீட்டு மொழியே தமிழ்தான். மதத்தைத் தெரிந்துகொண்டால் மொழி தெரிந்துவிடும், ஜாதியைத் தெரிந்துகொண்டால் சாப்பாடு தெரிந்துவிடும் என்பது நம் சோம்பேறித்தனம். கேட்டால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

அரசுத் திட்டங்கள் இதில் எங்கே நிற்கின்றன?

பாராட்டவும் குறை சொல்லவும் இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

குறையிலிருந்து ஆரம்பிப்போம். முதியோர் உதவித்தொகை தமிழ்நாட்டில் 2023-ல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நல்ல விஷயம். ஆனால் அதை வாங்க வயதை நிரூபிக்க வேண்டும். நாடு முழுக்கப் பிறப்பைக் கட்டாயமாகப் பதிவு செய்வதற்கான சட்டமே 1969-ல்தான் வந்தது. இன்று 60 வயதைத் தாண்டிய எல்லோரும் அதற்கு முன் பிறந்தவர்கள். பள்ளிக்குப் போனவரிடம் மாற்றுச் சான்றிதழாவது இருக்கும். மலையில் பிறந்த ஒரு இருளர் மூதாட்டியிடம் எது இருக்கும்? ஆதார் எடுக்கும்போது யாரோ குத்துமதிப்பாகப் போட்ட 'ஜனவரி 1' தான் இருக்கும். அதில் ஐந்து வருஷம் குறைந்திருந்தால், ஐந்து வருஷப் பணம் போச்சு. அவரிடம் 'பிறந்த தேதி என்ன' என்று கேட்பதை விட 'தனுஷ்கோடியைப் புயல் அழித்தபோது உங்களுக்கு எத்தனை வயசிருக்கும்' என்று கேட்டால் சரியான பதில் வரும். அது 1964 டிசம்பர். அப்போது பத்து வயதுச் சிறுமி என்றால் இன்று எழுபதைத் தாண்டியவர். புயல், பஞ்சம், தேர்தல் என்று ஊருக்குத் தெரிந்த சம்பவங்களை வைத்து வயதைக் கணக்கிடும் முறை கணக்கெடுப்புத் துறைக்குப் புதிதில்லை. உதவித்தொகை கவுன்ட்டருக்கு மட்டும் ஏன் புதிதாக இருக்க வேண்டும்?

அடுத்து, 2007-ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம். மாவட்டத்துக்குக் குறைந்தது ஒரு முதியோர் இல்லம், அதில் ஆதரவற்ற 150 பேருக்காவது இடம் என்பதில் தொடங்கி, மாநில அரசுகள் படிப்படியாக இல்லங்களை அமைக்கலாம் என்கிறது அதன் 19-வது பிரிவு. 150 படுக்கை என்று எண்ணிக்கை பேசுகிறது. அந்த 150 பேர் என்ன மொழி பேசுவார்கள், என்ன சாப்பிடுவார்கள் என்பது இல்லத்தை நடத்துபவரின் நல்ல மனசைப் பொறுத்தது என்று ஆகிவிடுகிறது.

இப்போது பாராட்டு. தமிழ்நாட்டிலேயே இதைச் சரியாகச் செய்த உதாரணங்கள் உண்டு, அவற்றை நாம் அந்தக் கண்ணோட்டத்தில் பார்ப்பதில்லை.

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்குகிற எல்லை மாவட்டம் அது. வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுப்பது, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி நிவாரணச் சிகிச்சை, பிசியோதெரபி என்பதுதான் திட்டம். இதன் பலம் மாத்திரையில் மட்டும் இல்லை, கொண்டுவரும் ஆளிலும் இருக்கிறது. வருவது பெரும்பாலும் அதே பகுதியைச் சேர்ந்த மகளிர் சுகாதாரத் தன்னார்வலர். பாட்டிக்கு அவர் 'நம்ம தெருக் கோடி வீட்டு மருமகள்'. என்ன மொழியில் பேசணும், எந்த நேரம் வந்தால் பூஜையோ தொழுகையோ கெடாது என்று அவருக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லித்தர வேண்டியதில்லை. 2024-ல் இந்தத் திட்டத்துக்கு ஐ.நா.வின் விருது கிடைத்தது.

இன்னொன்று. ஆதரவற்ற திருநங்கைகளுக்கான மாத உதவித்தொகைக்குத் தமிழ்நாட்டில் வயது வரம்பு 60 இல்லை, 40. திருமணமாகாத ஏழைப் பெண்களுக்கு 50. குடும்பம் கைவிட்டவருக்கும், வேலைவாய்ப்பு மறுக்கப்பட்டவருக்கும் முதுமை சீக்கிரம் வந்துவிடுகிறது என்பதை ஒரு அரசாணை ஒப்புக்கொண்டிருக்கிறது. வாழ்க்கை எல்லோருக்கும் ஒன்றில்லை என்றால் முதுமையும் ஒன்றில்லை. இதை உதவித்தொகையில் புரிந்துகொண்ட நாம், பராமரிப்பில் ஏன் புரிந்துகொள்ளக்கூடாது?

அப்போ ஜாதிக்கொரு முதியோர் இல்லமா?

இந்த வாதத்துக்கு வரும் நியாயமான எதிர்க்கேள்வி இது. 'பண்பாடு', 'பழக்கவழக்கம்' என்ற வார்த்தைகள் நம் ஊரில் எங்கே போய் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். 'எங்க ஆளுங்க மட்டும்' என்று போர்டு மாட்ட ஒரு அழகான சாக்காக அது மாறலாம்.

அதனால் கோட்டைத் தெளிவாகப் போட்டுவிடுவோம். ஒருவரிடம் 'உங்களுக்கு என்ன வேணும்' என்று கேட்பது பண்பாட்டை மதிப்பது. ஒருவரிடம் 'நீங்க யாரு' என்று கேட்டு அதை வைத்து உள்ளே விடலாமா என்று முடிவு செய்வது பாகுபாடு. முதலாவது மனிதரைப் பார்க்கிறது, இரண்டாவது பிறப்பைப் பார்க்கிறது.

இல்லத்தில் ஒரு பெரியவர் 'எனக்கு வெங்காயம், பூண்டு வேண்டாம்' என்றால் தனியாக ஒரு கிண்ணம் வைக்கலாம், அது விருப்பம். அதே பெரியவர் 'அந்த ஆயா சமைத்ததைத் தொடமாட்டேன், அவங்க என்ன ஆளுங்க தெரியுமா' என்றால் அதற்கு இடம் கொடுக்கக்கூடாது. வயதானவர், நோயாளி என்பதெல்லாம் அரசியல் சாசனத்தின் 17-வது பிரிவுக்கு விலக்கு இல்லை. பராமரிக்கும் பெண்ணின் மரியாதையும் இந்தச் சேவையின் ஒரு பகுதிதான். குறைந்த சம்பளத்துக்கு, வேறு ஊரிலிருந்து, சில சமயம் வேறு மாநிலத்திலிருந்து வந்து நம் பெரியவர்களின் மலம் அள்ளுகிறவர் அவர். அவருக்கும் ஒரு மொழி உண்டு, அவருக்கும் ஒரு பண்டிகை உண்டு.

தனித்தனி இல்லமே தப்பு என்றும் சொல்ல முடியாது. கனடாவில் டொரன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் 1994-ல் 'யீ ஹாங்' என்ற பராமரிப்பு இல்லம் தொடங்கியது. சீன மொழி பேசும் முதியோர், ஆங்கிலம் மட்டும் பேசும் இல்லங்களில் வாய்மூடிக் கிடந்ததைப் பார்த்து உருவானது. ஈழத்தமிழர்கள் நிறையப் பேர் வாழும் பகுதியும் அதுதான். சிறுபான்மையாக இருக்கிற ஒரு கூட்டம் தன் மொழியில் பராமரிப்பைத் தேடுவது வேறு, ஊரில் அதிகாரம் உள்ளவர்கள் கதவைச் சாத்திக்கொள்வது வேறு. கனடாவில் நம் தாத்தாவுக்குத் தமிழில் பேசும் நர்ஸ் வேண்டும் என்று ஆசைப்படுகிற நாம், கோவில்பட்டியில் ஒரு பாட்டிக்குத் தெலுங்கு தெரிந்த ஆள் வேண்டும் என்பதை ஆடம்பரமாக நினைக்க முடியாது.

சரி, நான் என்ன பண்ணலாம்?

இதைப் படிக்கிறவர்களில் பலர் வேறு ஊரில் வேலை பார்த்துக்கொண்டு, வீட்டில் இருக்கும் அப்பா அம்மாவை, தாத்தா பாட்டியைப் போனில் பார்த்துக்கொள்கிறவர்கள். மருத்துவ ஃபைலை ஸ்கேன் செய்து வாட்ஸ்ஆப்பில் வைத்திருப்பீர்கள். அதோடு இன்னும் ஒரு பக்கம் சேருங்கள். அதில் இவை இருந்தால் போதும்:

1. வீட்டில் பேசும் மொழி எது? பசி, தாகம், வலி, பாத்ரூம், பயம், குளிர் ஆகியவற்றுக்கு அந்த மொழியில் என்ன சொல்? தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள்.

2. எந்தப் பெயரில், எந்த முறையில் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்? ஆதாரில் உள்ள பெயர் வீட்டில் யாருமே கூப்பிடாத பெயராக இருக்கலாம்.

3. என்ன சாப்பிடுவார், எந்த நாளில் எதைத் தவிர்ப்பார்? விரதம், நோன்பு உண்டா? அந்த நாட்களில் மாத்திரை நேரம் என்ன என்று டாக்டரிடம் கேட்டாயிற்றா?

4. குளிப்பாட்ட, உடை மாற்ற யார் தொட்டால் சங்கடப்படமாட்டார்?

5. எந்தப் பாட்டு, எந்த ஜெபம், எந்த ஊர்ப் பேச்சு அவரைச் சமாதானப்படுத்தும்?

இந்தப் பதில்களை நீங்களே ஊகித்து எழுதாதீர்கள். அவர் சொல்லும் நிலையில் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். நமக்குத் தெரிந்த அம்மாவை விட அவருக்குத் தெரிந்த அம்மா வேறாக இருக்கலாம். வாழ்நாள் முழுக்க சைவம் சமைத்தவர் முட்டை கேட்கலாம். கோயிலுக்கே போகாத அப்பா திருநீறு கேட்கலாம். மாறுவதற்கு அவர்களுக்கும் உரிமை உண்டு.

ஏஜென்சியிடமோ இல்லத்திடமோ பேசும்போது 'மாசம் எவ்வளவு' என்பதற்கு முன்னால் 'இந்தப் பக்கத்தை உங்க ஆளுங்க படிப்பாங்களா' என்று கேளுங்கள். வெளியூரில் இருந்து உதவி தேவைப்பட்டால், மூத்த குடிமக்களுக்கான கட்டணமில்லா எண் 14567, காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை.

அரசிடம் கேட்க வேண்டியதும் பெரிய செலவு பிடிக்கிற விஷயம் இல்லை. 2025-ல் 'அன்புச்சோலை' என்ற பெயரில் முதியோருக்கான பகல்நேர மையங்கள் தொடங்கியிருக்கின்றன. அங்கே ஒருவரைச் சேர்க்கும் படிவத்திலேயே மொழிக்கும் சாப்பாட்டுக்கும் இரண்டு வரி ஒதுக்கலாம். ஓசூரில் உள்ள ஊழியருக்குக் கொஞ்சம் தெலுங்கும் கன்னடமும், ஊட்டியில் உள்ளவருக்குக் கொஞ்சம் படுகமும், மதுரையில் உள்ளவருக்குக் கொஞ்சம் சௌராஷ்டிரமும் தெரிந்திருக்கணும் என்று பணி நியமனத்திலேயே எழுதலாம். தெரிந்த ஆட்கள் அதே ஊரில்தான் இருக்கிறார்கள். புதிதாக யாரையும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

கோவில்பட்டிப் பாட்டி விஷயத்தில் என்ன ஆனது என்று சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது. அன்றைக்கு ராத்திரியே தோழி முப்பது தெலுங்கு வார்த்தைகளைத் தமிழில் எழுதி வாட்ஸ்ஆப்பில் அனுப்பினாள். அந்தத் திருவாரூர்ப் பெண் அதைப் பேப்பரில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தார். ஒரு வாரம் கழித்து வீடியோ காலில் அவர் பாட்டியிடம் தப்பும் தவறுமாகத் தெலுங்கில் "அன்னம் தின்றாவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டி அவருடைய உச்சரிப்பைத் திருத்தினார்.

தூக்க மாத்திரை பற்றி அதற்கப்புறம் யாரும் பேசவில்லை.